தை மாதம் வீடு பார்க்க வருகிறார்கள்: பெயிண்ட் முதலா, ஈரம் முதலா?

(வீடு விற்கப்போகும் ஒருவரின் கேள்விகளும், அவருக்கு வந்த பதில்களும். தேதிக்குப் பக்கத்தில் இருப்பது எழுதியவரின் புனைபெயர். "மடிப்பாக்கம்" வீட்டுக்காரர்.)

2 டிசம்பர் 2025, மதியம் | மடிப்பாக்கம்
சென்னையில் விற்கப்போகும் இரண்டாம் மாடி ஃப்ளாட். 940 சதுர அடி, இரண்டு பெட்ரூம், கட்டி 14 வருடம். மார்கழியில் யாரும் வாங்க வரமாட்டார்கள். அதனால் தை முதல் ஞாயிறு, ஜனவரி 18, ஒரே நாளில் எல்லாரையும் வரச்சொல்லி வீட்டைக் காட்டலாம் என்று திட்டம். ஒரு பெட்ரூம் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. புரோக்கர் ஒரு கை புட்டி, இரண்டு கோட் எமல்ஷன் போதும் என்கிறார். ஒதுக்கிய பணம் முழுக்கப் பெயிண்டுக்குத்தான். சரிதானே?

2 டிசம்பர், இரவு | ரசமட்டம்
சரியில்லை. ஈரச் சுவர்மேல் புட்டி வைத்தால் சில வாரத்தில் மறுபடி உப்பும். வீடு பிடித்துப்போய் ஒருவர் இரண்டாம் தடவை தன் இன்ஜினியரைக் கூட்டிவரும் நேரமும் அதுதான். செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கிற உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு படிகமாகத் தங்கிப் பெயிண்டைப் பின்னாலிருந்து தள்ளும். எந்த விலை பெயிண்டானாலும் இதுதான் கதி.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரண்டாம் மாடி என்பதால் அஸ்திவார ஈரம் கிடையாது. மிச்சம் இரண்டு: வெளிச்சுவர் விரிசல், அல்லது பின்னால் இருக்கிற பாத்ரூம்.

சோதனை: உப்பிய இடத்தில் ஒன்றரை அடிச் சதுரம் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, கெட்டியான பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி மூடுங்கள். காற்று புகக்கூடாது. ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் முத்து முத்தாக நீர் இருந்தால் ஈரம் சுவருக்குள். அறைப் பக்கத்தில் இருந்தால் காற்றிலிருக்கும் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும்.

3 டிசம்பர் | ரசமட்டம்
நேற்று விட்டுப்போனது. ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை புதுக் கோடு. கோடு நகர்கிறதா என்பதைத் தவிர வேறெதையும் நம்பவேண்டாம், கண் ஏமாற்றும்.

4 டிசம்பர் | மடிப்பாக்கம்
சுவர்ப் பக்கம்தான் நீர். பின்னால் பாத்ரூம். அடுத்து?

4 டிசம்பர் | தூக்குக்குண்டு
மேஸ்திரியைக் கூப்பிட்டால் டைல்ஸ் முழுவதையும் பெயர்த்தெடு என்பார். அவசரப்படாதீர்கள், வரிசையாகப் பிரித்துப் பாருங்கள்.

ஒன்று: பாத்ரூம் வால்வு திறந்தே இருக்கட்டும், ஆனால் நான்கு நாள் யாரும் பாத்ரூமைப் பயன்படுத்தக்கூடாது. பென்சில் கோட்டைத் தாண்டி ஈரம் ஏறினால் சுவருக்குள் ஓடும் பைப்பில் கசிவு.

இரண்டு: ஏறவில்லை என்றால், தரையில் தண்ணீர் போகும் துளையைத் துணிப்பந்து வைத்து அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். கீழ்வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அவர்கள் சீலிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது ஏறினால் டைல்ஸ் இடுக்கு, அல்லது நானி ட்ராப் (தரைத் துளைக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் கிண்ணம்) சுற்றுவட்டம்.

கையோடு ஃப்ளஷ் டேங்கையும் பாருங்கள். மூடியைத் திறந்து சொட்டு நீலம் நாலைந்து சொட்டு விடுங்கள். அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணவேண்டாம். கோப்பையில் நீலம் இறங்கினால் உள்ளே வாஷர் போயிருக்கிறது. வாஷர் சின்னப் பொருள், ஆனால் வாங்க வருபவர் காதில் அந்தச் சலசலப்பு விழுந்தால் வீடு முழுக்க ஒழுகுகிறது என்றே நினைப்பார்.

குழாயில் படிந்த உப்புக்கறைக்கு வினிகர் போதும். துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி அரை மணி நேரம். தரைக்கும் அதையே ஊற்றித் தேய்க்கலாம்.

5 டிசம்பர் | வாசற்படி
மேலே உள்ளதில் கடைசி வரியை யாரும் அப்படியே செய்துவிடாதீர்கள். கடப்பா கல் சுண்ணாம்புக் கல். மார்பிளும் அதே இனம், பழைய மொசைக் தரையிலும் மார்பிள் சில்லுதான். வினிகர், எலுமிச்சை, சிட்ரிக் ஆசிட் எது பட்டாலும் மேல்தோல் அரித்து மங்கிவிடும், திரும்பப் பாலிஷ் போட்டால்தான் உண்டு. சமையல் மேடை கிரானைட், அலமாரித் தட்டு கடப்பா என்று இருக்கிற வீடுகள் சென்னையில் ஏராளம். எது எது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். கடப்பாவுக்கும் மொசைக்குக்கும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் நைலான் பிரஷ்ஷும்தான்.

5 டிசம்பர் | தூக்குக்குண்டு
உண்மை. என் வரி செராமிக், விட்ரிஃபைடு டைல்ஸுக்கு மட்டும். கறை கனமாக இருந்தால் ஒரு லிட்டர் வெந்நீரில் சிட்ரிக் ஆசிட் 30 கிராம். கடையில் "ஆசிட்" என்று பாட்டிலில் தருவதைத் தொடவேண்டாம். அது டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமெண்டைத் தின்றுவிடும், இந்த வீட்டில் ஏற்கெனவே சந்தேகம் அந்த இடுக்கின் மேல்தான். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

9 டிசம்பர் | மடிப்பாக்கம்
நான்கு நாள் பயன்படுத்தவில்லை, கோடு நகரவில்லை. நேற்று தண்ணீர் நிறுத்தினேன். இன்று கோட்டைத் தாண்டி ஒன்றரை அங்குலம் ஏறியிருக்கிறது. கீழ்வீட்டு சீலிங்கில் ஒன்றும் இல்லை.

9 டிசம்பர் | ரசமட்டம்
அப்படியானால் டைல்ஸ் இடுக்குதான். பைப் இல்லை என்பது பெரிய நிம்மதி, சுவரை உடைக்கவேண்டாம். பெயிண்டுக்கு வைத்த பணத்தில் முதல் பங்கு இதற்கு.

இடுக்கிலிருக்கும் பழைய சிமெண்டை 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டி எடுக்கவேண்டும். மேலே பூசினால் நிற்காது. தூசியை உறிஞ்சி எடுத்து, ஒரு நாள் ஃபேன் போட்டு உலரவிட்டு, எப்பாக்ஸி கிரவுட் (இடுக்கை அடைக்கும் ரசாயனப் பசை) வைக்கவேண்டும். இரண்டு டப்பாவையும் கலந்தபின் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இறுகத் தொடங்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் மேல் வழிந்ததை உடனே துடைக்காவிட்டால் பிறகு கத்தியால்தான் வரும். சுவரும் தரையும் சேரும் மூலை, நானி ட்ராப் சுற்று, டாய்லெட் பீடத்தின் அடி மூன்றையும் விட்டுவிடக்கூடாது. மறுநாள் நடக்கலாம். தண்ணீர் ஊற்ற ஏழு நாள் பொறுங்கள், இன்னொரு பாத்ரூம் இருக்கிறதே.

டைல்ஸைச் சில்லறைக் காசால் தட்டிக்கொண்டே போங்கள். டொக்கென்று வெற்றுச் சத்தம் வருகிற டைல்ஸுக்கு அடியில் கலவை பிடிக்கவில்லை. அதை மட்டும் மாற்றினால் போதும்.

சுவரில் தொய்ந்த பூச்சை ஓரடி கூடுதலாகக் கொத்தி எடுத்து, 1:4 கலவையில் (சிமெண்ட் ஒன்று, மணல் நான்கு) புதுப் பூச்சு.

10 டிசம்பர் | ரசமட்டம்
நேற்றைய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். புதுப் பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் விட்டு, அப்புறம் 28 நாள் உலர்ந்தால்தான் பெயிண்ட் பிடிக்கும். நாள் இல்லை, மேலும் காயவேண்டிய சுவருக்கு நாமே தண்ணீர் காட்டுகிறோம். பழைய பூச்சை விரலால் அழுத்திப் பாருங்கள். மணலாக உதிராமல் கெட்டியாக இருந்தால் அதைக் கொத்தவேண்டாம். பெயிண்டையும் புட்டியையும் மட்டும் பூச்சு தெரியும்வரை சுரண்டுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கீழே விரித்த செய்தித்தாளில் விழவைத்து அள்ளி எறியுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். வாரம் ஒருமுறை பூக்கும், வாரம் ஒருமுறை தட்டுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து டேபிள் ஃபேனைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள், காற்றுப் போகாத இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். பாத்ரூம் தரைக்குக் கீழே சங்கன் போர்ஷனில் (பைப் போகத் தாழ்த்திக் கட்டிய பள்ளம்) நிரப்பிய செங்கல் ஜல்லி பல மாதத் தண்ணீரைக் குடித்திருக்கும். மேலே அடைத்தபின்னும் அது மெல்ல மெல்லத்தான் வடியும். சுவரும் மாதத்துக்கு ஓர் அங்குலக் கனம் காய்ந்தாலே அதிகம். நாலரை அங்குலச் சுவர் ஜனவரிக்குள் முழுக்கக் காயாது.

11 டிசம்பர் | வாசற்படி
உள்பக்கம் டேம்ப்-புரூஃப் கோட்டிங் (ஈரம் தடுக்கும் பூச்சு) அடித்து மறைத்துவிட்டால்?

11 டிசம்பர் | ரசமட்டம்
தண்ணீர் பாத்ரூம் பக்கத்திலிருந்து வருகிறது. இந்தப் பக்கத்தை அடைத்தால் அது நிற்காது, அடைக்காத இடம் தேடி மேலே ஏறும். மூன்றடிக் கறை நாலடி ஆகும். வேண்டவே வேண்டாம்.

13 டிசம்பர் | வாசற்படி
சுவர் காயட்டும். அதுவரை கைச்செலவு இல்லாத வேலைகளைப் பார்க்கலாம்.

பரண். வருபவர்கள் நிச்சயம் அண்ணாந்து பார்ப்பார்கள். டிவி வந்த அட்டைப்பெட்டி, ஓட்டை அண்டா, கொலுப்படிப் பலகை எல்லாம் பிதுங்கி நின்றால் "இந்த வீட்டில் இடம் போதாது" என்று அந்தப் பரணே சொல்லிவிடும். அலமாரிகளில் மூன்றில் ஒரு பங்கு காலியாகத் தெரியவேண்டும். கொடியில் துணி கூடாது. பால்கனியில் வாஷிங் மெஷின் இருந்தால் பக்கெட்டுகளையாவது அகற்றுங்கள்.

விளக்கு. ஒரே அறையில் ஒன்று மஞ்சள், ஒன்று நீலவெள்ளை என்று இருந்தால் சுவரே அழுக்காகத் தெரியும். வீடு முழுக்க ஒரே நிறம், 4000 கெல்வின் (மஞ்சளுக்கும் நீலவெள்ளைக்கும் நடுவான வெள்ளை) நன்றாக இருக்கும். 160 சதுர அடி ஹாலுக்கு 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப் லைட் போல நீள விளக்கு) இரண்டு, எதிரெதிர்ச் சுவரில். மஞ்சள் படிந்த ஸ்விட்ச் பிளேட்டுகளைத் துடைத்துப் பார்த்து, போகாவிட்டால் பிளேட்டை மட்டும் மாற்றுங்கள். மெயின் பாக்ஸில் ஆர்சிசிபியின் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டிரிப் ஆகவேண்டும். ஆகாத ஆர்சிசிபி உயிர்காக்கும் வேலையைச் செய்யவில்லை என்று பொருள். வீட்டைக் காட்டுவதற்காக அல்ல, உள்ளே இருப்பவர்களுக்காகவே இன்றே மாற்றுங்கள்.

கொசுவலை. தூசி அடைத்த வலை பாதி வெளிச்சத்தைத் தின்னும். கழற்றிச் சோப்பு நீரில் அலசி மாட்டினால் பெயிண்ட் அடித்ததைவிட அதிக மாற்றம் தெரியும்.

14 டிசம்பர் | மடிப்பாக்கம்
பெட்ரூம் கதவு மழையில் இறுகிவிட்டது, மூடவே வரவில்லை. ஆசாரியை வைத்து இழைத்துவிடவா?

14 டிசம்பர் | ரசமட்டம்
இப்போது இழைத்தால் மாசியில் கால் அங்குல இடைவெளி தெரியும். மரம் ஈரம் குடித்து வீங்கியிருக்கிறது, காய்ந்தால் தானே சுருங்கும். கீல் ஸ்க்ரூக்களை இறுக்கிப் பாருங்கள், பாதி நேரம் மேல் கீல் தளர்ந்து கதவு தொங்குவதுதான் காரணம். உரசும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். பொங்கலுக்கு அப்புறமும் உரசினால் அப்போது இழைக்கலாம்.

பாத்ரூம் கதவு நிலையின் அடியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் உளுத்திருக்கிறது. மண் கோடு ஓடினால் கரையான். அந்தக் கோட்டைத் துடைத்து எடுத்து மறைக்காதீர்கள், கரையான் வேறு வழி பிடிக்கும், மருந்து அடிக்க வருபவருக்குத் தடமும் போய்விடும்.

17 டிசம்பர் | பத்திரக்கட்டு
சுவர் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. வீடு பிடித்தவர் அடுத்து கேட்பது காகிதம். ஒரு ஃபைலில் ஜெராக்ஸ் மட்டும் வையுங்கள்: கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், நிறைவுச் சான்று, 30 வருட வில்லங்கச் சான்று, சொத்துவரி மற்றும் குடிநீர்வரி ரசீது, ஈபி கார்டு, அசோசியேஷனிடம் பாக்கி இல்லை என்ற கடிதம். ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே "பார்வைக்கு மட்டும்" என்று எழுதுங்கள். ஒரிஜினல் மேசைக்கு வரவே கூடாது. ஆதார் நகல் யாருக்கும் வேண்டாம்.

முதல் பக்கத்தில் நீங்களே எழுதவேண்டியவை: யூடிஎஸ் (மனையில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு) எத்தனை சதுர அடி, பில்டப் (சுவர்களையும் சேர்த்த பரப்பு) எவ்வளவு, கார்பெட் (சுவர்களுக்கு உள்ளே புழங்கும் பரப்பு) எவ்வளவு, கார் பார்க்கிங் பத்திரத்தில் இருக்கிறதா வாய்வார்த்தையா, மாதப் பராமரிப்பு, தண்ணீர் எங்கிருந்து (மெட்ரோ வாட்டர், போர், லாரி), கோடையில் மாதம் எத்தனை லாரி. இந்தக் கடைசிக் கேள்வியைத் தென்சென்னையில் கேட்காத ஆள் இல்லை. குறைத்துச் சொன்னால் வாட்ச்மேனிடம் கேட்டு இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொள்வார்கள்.

வரைபடத்தையும் வீட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பால்கனியை மூடி அறையாக்கியிருந்தால் வாங்குபவரின் வங்கி மதிப்பீட்டாளர் எழுதிவைப்பார், கடன் தொகை குறையும். முன்பே சொல்லிவிடுவது மேல்.

18 டிசம்பர் | மடிப்பாக்கம்
வீட்டுக்கடன் 2023 கடைசியில் முடிந்தது. பத்திரம் கைக்கு வந்துவிட்டது. வில்லங்கத்தில் இன்னும் அடமானம் காட்டுகிறதே?

18 டிசம்பர் | பத்திரக்கட்டு
கடன் வாங்கும்போது ஒப்படைப்புப் பத்திரம் (வீட்டுப் பத்திரத்தை வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம்) சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். கடன் முடிந்தபின் வங்கி ரசீது ஆவணம் (கடன் தீர்ந்ததற்கானது) பதிவு செய்து கொடுத்தால்தான் வில்லங்கத்தில் அடமானம் நீங்கியதாக விழும். வங்கியின் "கடன் முடிந்தது" கடிதம் மட்டும் போதாது. கிளையில் இன்றே எழுத்து மூலம் கேளுங்கள், அதிகாரி நேரில் வந்து கையெழுத்துப் போட நாள் பிடிக்கும். கடன் முடிந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தந்து அடமானப் பதிவையும் நீக்கவேண்டும், தாமதம் வங்கியுடையது என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது 1 டிசம்பர் 2023 முதல். வங்கி உங்கள் பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டியிருந்த தேதி அதற்கு முன்னா பின்னா என்று பாருங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (விலையிலேயே கழித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார். பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா பாருங்கள், செயலிழந்த பான் என்றால் பிடித்தம் 20 சதவீதம்.

22 டிசம்பர் | வாசற்படி
நாள் விஷயம். ஜனவரி 18 தை அமாவாசை. அன்று காலை பாதிப் பேர் தர்ப்பணத்தில் இருப்பார்கள். 25 ஞாயிறு எடுங்கள். மறுநாள் குடியரசு தின விடுமுறை, வெளியூரிலிருந்து வருபவருக்கு இரண்டாம் தடவை பார்க்கவும் வசதி. நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு. பன்னிரண்டு முதல் ஒன்றரை எமகண்டம், மாலை நாலரை முதல் ஆறு ராகு காலம். நமக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வருபவருக்கு இருக்கும்.

22 டிசம்பர் | ரசமட்டம்
சுவருக்கும் ஒரு வாரம் கூடுதல். நல்லது.

28 டிசம்பர் | வாசற்படி
திசை கேட்பார்கள். போன் காம்பஸை கிரில் கேட் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், இரும்பு திசையைத் தப்பாகக் காட்டவைக்கும். காந்த மூடி போட்ட போன் உறையும் அப்படியே. உறையைக் கழற்றி, ஹாலின் நடுவில் நின்று மூன்று தடவை பாருங்கள். அடுப்பு எந்த மூலை, வாசல் எந்தத் திசை என்று உள்ளதை உள்ளபடி ஃபைலில் எழுதிவிடுங்கள். ஒத்துவராதவர்கள் வராமலே இருந்தால் இருவருக்கும் நேரம் மிச்சம்.

4 ஜனவரி 2026 | ரசமட்டம்
மழை விட்டு வெயில் வந்துவிட்டது. மற்ற அறைகளுக்குப் பெயிண்ட் அளவு: 10க்கு 12 அறை, பத்தடி உயரம் என்றால் சுற்றளவு 44 அடி, சுவர் 440 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 40 கழித்தால் 400. எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 100 முதல் 120 சதுர அடி வரும், ஆக ஓர் அறைக்கு 4 லிட்டர் டின் ஒன்று. முழு வீடும் தேவையில்லை. ஹால், வாசல் பக்கச் சுவர், சமையலறை மட்டும் அடியுங்கள். பெயிண்ட் மணம் போகக் குறைந்தது ஐந்து நாள் வேண்டும், 18ஆம் தேதிக்குள் முடியுங்கள். புதுப் பெயிண்ட் வாசனையோடு வீட்டைக் காட்டினால் எதை மறைத்தார்கள் என்றுதான் தோன்றும்.

21 ஜனவரி | மடிப்பாக்கம்
மறுபடி பாலிதீன் ஒட்டினேன். மேல் இரண்டடி காய்ந்துவிட்டது. கீழ் ஓரடியில் லேசாக வேர்த்திருக்கிறது. பென்சில் கோடுகள் கீழ்நோக்கியே வருகின்றன. பெயிண்ட் அடித்துவிடவா, விட்டுவிடவா?

21 ஜனவரி | ரசமட்டம்
விட்டுவிடுங்கள். சுரண்டிய பகுதியை மட்டும் மணல்தாள் போட்டு ஓரம் நேர்கோடாக ஒழுங்குபடுத்துங்கள். பென்சில் கோடுகளையும் தேதிகளையும் அழிக்கவேண்டாம். கிரவுட் வேலையின் போட்டோ, பில், தண்ணீர் தேக்கிச் சோதித்த தேதி எல்லாம் ஃபைலில்.

21 ஜனவரி | வாசற்படி
உள்ளே நுழைந்ததும் வெறும் பூச்சு கண்ணில் பட்டால் விலையைக் குறைத்துக் கேட்பார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு திரையாவது?

22 ஜனவரி | ரசமட்டம்
குறைத்துக் கேட்கட்டும். ஓர் அறையில் ஒரு சுவருக்குப் பெயிண்ட், அவ்வளவுதான் அவர் கழிக்க முடியும். திரையை விலக்கிப் பார்த்துவிட்டால் அவர் மனத்தில் ஓடுவது ஒரு சுவரின் கணக்கல்ல, காட்டாத சுவர்களின் கணக்கு. "இங்கே கசிவு இருந்தது, இன்ன தேதியில் அடைத்தோம், ஈரம் இறங்கிக்கொண்டிருக்கிறது" என்று அவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள். அடுத்த மழையில் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுக்கப்போவது அவர் பிள்ளைகள்.

22 ஜனவரி | வாசற்படி
சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்த அறையில் வெளிச்சம் மட்டும் நன்றாக இருக்கட்டும்.

24 ஜனவரி, இரவு | வாசற்படி
நாளைக்கு: காலை ஆறரைக்கே எல்லா ஜன்னலும் திறந்துவிடுங்கள். தாளிப்பு, மீன், கருவாடு ஒன்றும் வேண்டாம், இட்லி போதும். சாம்பிராணியும் ரூம் ஸ்பிரேயும் வேண்டாம். நகை, பாஸ்போர்ட், மாத்திரை டப்பா பூட்டிய பீரோவில். மேல் தொட்டி நிரம்பியிருக்கட்டும், குழாய் திறந்து பார்ப்பார்கள். வாசலில் கோலம், செருப்பு விட இடம். ஒரே சமயத்தில் இரண்டு குடும்பத்துக்கு மேல் உள்ளே விடாதீர்கள். ஒருவர் ஹாலில், ஒருவர் அவர்களோடு அறைகளில். வந்தவர் பெயர், நேரம், கேட்ட கேள்வி மூன்றையும் நோட்டில் குறியுங்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால் ஃபைல் முதல் பக்கத்தில் அதற்குப் பதில் சேருங்கள்.

24 ஜனவரி, இரவு | தூக்குக்குண்டு
ஒரு மாதமாகச் சரியாகப் பயன்படுத்தாத அந்தப் பாத்ரூமில் நானி ட்ராப் காய்ந்திருக்கும். உள்ளே இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றால்தான் சாக்கடை வாடை ஏறாது, கரப்பானும் வராது. இன்றிரவே அரை பக்கெட் ஊற்றிவிடுங்கள். வீடு கைமாறும்வரை பூட்டி வைப்பதாக இருந்தால் கடைசியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள், மேலே படலமாக நின்று தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

25 ஜனவரி, மதியம் | மடிப்பாக்கம்
பதினொரு குடும்பம். சுவரைப் பற்றி ஏழு பேர் கேட்டார்கள், லாரித் தண்ணீர் பற்றி ஒன்பது பேர். இருவர் நாளை இன்ஜினியரோடு வருகிறார்கள். அவர்களுக்கு வேறு எதைக் காட்டவேண்டும்?

25 ஜனவரி | ரசமட்டம்
பாலிதீன் தாளை இன்றிரவே கீழ் ஓரடியில் ஒட்டிவிடுங்கள். நாளை அவர் கையாலேயே உரித்துப் பார்க்கட்டும்.